அபார்ட்மென்ட்ல வீட்டுக்கு வீடு தண்ணி மீட்டர்: 4 வருஷ அனுபவம்

எங்க அபார்ட்மென்ட்ல வீட்டுக்கு வீடு தண்ணி மீட்டர் போட்டு 4 வருஷம் முடிஞ்சிடுச்சு. அதுக்கு முன்னாடி மொத்த செலவையும் சமமா பிரிச்சிட்டு இருந்தோம், பூட்டிக் கெடக்குற வீடும் ஆறு பேர் இருக்குற வீடும் ஒரே காசு. அந்த சண்டை தீரணும்னுதான் மீட்டர் போட்டோம், ஆனா இப்ப என்னைக் கேட்டா அதோட பெரிய உபயோகம் ஒழுகுறத காட்டிக் குடுக்குறதுதான்னு சொல்வேன்.

முதல் மாசமே எங்க வீட்டு ரீடிங் நெனச்சதுக்கு ரெண்டு மடங்கு வந்துச்சு. மீட்டர்தான் தப்புன்னு சொல்லிட்டு இருந்தேன். பிளம்பர் அண்ணன்தான் ஒரு வழி சொன்னாரு, ராத்திரி எல்லா குழாயையும் மூடிட்டு ரீடிங்க எழுதி வைங்க, காலைல யாரும் தண்ணி தொறக்குறதுக்கு முன்னாடி திரும்ப பாருங்கன்னு. 11 மணிக்கு எழுதி 6 மணிக்கு பாத்தா 160 லிட்டர் போயிருக்கு! ஃப்ளஷ் டேங்க் அடில இருக்குற ரப்பர் தேஞ்சு போய், சத்தமே இல்லாம தண்ணி எறங்கிட்டே இருந்திருக்கு. மாசத்துக்கு கணக்கு போட்டா 16,000 லிட்டருக்கு மேல. இது எத்தன நாளா ஓடுச்சோ, நெனச்சா இப்பவும் மனசு கேக்க மாட்டேங்குது. அப்புறம் எல்லா வீட்டுலயும் இதே மாதிரி பாக்க சொன்னோம், நெறைய வீட்டுல ஃப்ளஷ் டேங்க்தான் மாட்டுச்சு.

ரீடிங் பாக்குறது கஷ்டமில்ல. சாதா மீட்டர்ல கறுப்பு நம்பர் கன மீட்டர், அதாவது ஒண்ணுக்கு 1000 லிட்டர், செவப்பு அந்த 1000 லிட்டருக்குள்ள வர்ற மிச்ச லிட்டர் கணக்கு. நடுவுல குட்டியா ஒரு சக்கரம் இருக்கும், எல்லா குழாயும் மூடியிருக்கும்போது அது சுத்துனா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்.

பழைய கட்டடத்துல போடப் போறவங்க ஒண்ணு முதல்ல பாத்துக்கணும், வீட்டுக்கு எத்தன இன்லெட், அதாவது தண்ணி உள்ள வர்ற பைப், வருதுன்னு. எங்க வீட்டுல ரெண்டு பாத்ரூமுக்கு ரெண்டு, கிச்சனுக்கு ஒண்ணு, துணி தொவைக்கிற எடத்துக்கு ஒண்ணு, எல்லாம் மேல டேங்க்ல இருந்து தனித்தனி பைப்ல எறங்குது, அதனால ஒரு வீட்டுக்கே 4 மீட்டர். செலவு மட்டுமில்ல, கெட்டுப் போறதுக்கும் 4 எடம் ஆச்சு. பைப்பெல்லாம் எறங்குற சந்து, அதான் ஷாஃப்ட், சிலதுல எடம் இல்லன்னு செங்குத்தா மாட்டிட்டாங்க, படுக்கையா மாட்டுற மாடல அப்படி மாட்டுனா மெதுவா ஓடுற தண்ணிய சரியா எடுக்காது, அத பின்னாடி கழட்டி மாத்த வேண்டியதாச்சு.

இன்னொரு பிரச்சன காத்து. டேங்க் காலியாகி திரும்ப ரொம்பும்போது பைப்புல இருக்குற காத்தும் மீட்டர சுத்த வைக்கும், தண்ணியே வராம ரீடிங் ஏறும், மேல் மாடிக்காரங்க கத்துனதுல நியாயம் இருந்துச்சு. பைப்போட உச்சில காத்து போறதுக்கு வழி வச்சு, டேங்க் வத்த விடாம பாத்துக்கிட்டதும் கொறஞ்சிடுச்சு. மீட்டர் வாய்ல இருக்குற வலையில மண்ணு அடைச்சா பிரஷர் கொறையும், அத ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கழுவுறோம்.

எங்க மீட்டர் ரீடிங் போன் ஆப்புலயும் வரும், அது வசதிதான், ஆனா அத மட்டும் நம்பாதீங்க. ஒரு வீட்டுல மீட்டர் பேட்டரி போய் மூணு மாசம் ஒரு பாத்ரூம் சைபராவே வந்துச்சு, அப்புறம் மொத்தமா சேத்து பில் போட்டப்ப அவங்களுக்கு எவ்வளவு கோவம் வந்திருக்கும்! இப்ப மாசம் ஒரு தடவ ஆள் போய் டயல பாத்து ஆப்போட ஒத்துப் பாக்குறாங்க. எல்லா வீட்டையும் கூட்டுனாலும் மெயின் மீட்டர் கணக்கு வராது, செடிக்கு விடுறது, டேங்க் வழியுறது, சொட்டு சொட்டா போறத சின்ன மீட்டர் எடுக்காம விடுறது எல்லாம் அந்த வித்தியாசத்துல இருக்கு. அத பொதுக் கணக்குல வச்சு, வித்தியாசம் திடீர்னு கூடுனா உடனே தேடுறோம்.

பில்ல ரெண்டா பிரிச்சோம், மோட்டார், டேங்க் கழுவுறதெல்லாம் எல்லாருக்கும் சமம், மிச்சம் லிட்டர் கணக்கு. கூட செலவு பண்றவங்களுக்கு ரேட்ட ஏத்தலாம்னு சிலர் சொன்னாங்க, நான் ஒத்துக்கல, ஆள் அதிகமா இருக்குற வீடு என்ன தப்பு பண்ணுச்சு? அத விட மோசம், ஆரம்பத்துல எந்த வீடு எவ்வளவு தண்ணி செலவு பண்ணுச்சுன்னு வீட்டு நம்பரோட லிஸ்ட்ட குரூப்ல போட்டது. முதலிடத்துல வந்த வீட்டுல ஒரு அம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க, தெனம் பெட்ஷீட் தொவைக்கணும். அவங்க பையன் குரூப்ல எல்லாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டி வந்துச்சு. அன்னைக்கே லிஸ்ட் போடுறத நிறுத்தச் சொன்னோம், இப்ப அவங்கவங்க ரீடிங் அவங்கவங்களுக்கு மட்டும்தான் போகுது.

மீட்டர் மேல சந்தேகம்னா 20 லிட்டர் பக்கெட்ட அஞ்சு தடவ ரொப்பிப் பாருங்க, செவப்பு நம்பர் 100 லிட்டர் கிட்ட ஏறியிருக்கணும். எங்க கிச்சன் மீட்டர் போன வாரம் 81தான் காட்டுச்சு, மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன்.