ஊசியா, தனிக்கட்டா: நாலு குதிரை லாயத்துக்கு எது சரி?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போகாவிட்டால் என் அத்தானுக்குத் தூக்கம் வராது. தோவாளைப் பக்கம் தென்னந்தோப்பில் அவருக்கு ஒரு லாயம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் போகிற நாலு குதிரைகள் அதில் நிற்கின்றன. மூன்று வருஷத்துக்கு முன்னால் சந்தையில் பிடித்த சாம்பல் குதிரையை லாரியிலிருந்து இறக்கியதும், காலியாக இருந்த இடத்தில் கட்டினோம். அது சினையாக இருந்த செவலைக்குப் பக்கத்து இடம். இரண்டுக்கும் ஒரே வாளித் தண்ணீர். மூன்றாம் நாள் சாம்பலுக்கு மூக்கு ஒழுகியது. “சந்தைத் தூசி” என்றார் அத்தான், நானும் தலையாட்டினேன்.

ஒன்றரை மாதம் கழிந்தது. செவலைக்குக் காய்ச்சல் இல்லை, கொள்ளு மிச்சம் வைக்கவில்லை, மடியும் இறங்கவில்லை. ஒருநாள் காலையில் போனால், 9 மாதக் குட்டி பனிக்குடம்கூடக் கிழியாமல் வைக்கோல்மேல் கிடக்கிறது. சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டுத்தான் கால்நடை டாக்டருக்குச் சொன்னோம். “நஞ்சுக்கொடியையாவது ஐஸில் வைத்திருக்கக் கூடாதா? ஹெர்பிஸ் வைரஸா என்று சோதித்திருக்கலாமே” என்றார். சோதிக்க எதுவும் மிச்சமில்லை.

அன்றிலிருந்து லாயத்தில் ஒரே வாக்குவாதம், ஹெர்பிஸுக்குத் தடுப்பூசி போடுவதா, புதுக் குதிரையைக் கொஞ்ச நாள் தனியாகக் கட்டுவதா என்று.

முதலில் எதிராளியைத் தெரிந்துகொள்ள வேண்டும். குதிரை ஹெர்பிஸில் நமக்கு வேண்டியவை 1, 4 என்ற இரண்டு வகைகள். நாலாம் வகை பெரும்பாலும் குட்டிகளுக்குச் சளி, காய்ச்சல் கொடுத்துவிட்டுப் போகும். ஒன்றாம் வகைதான் வில்லன். சளியோடு நிற்காமல் வெள்ளை அணுக்களில் ஏறி ரத்தத்தோடு போய், கருப்பையில் இறங்கினால் குட்டி போகும். தண்டுவட ரத்தக் குழாய்களைத் தாக்கினால் பின்னங்கால் தள்ளாடிக் குதிரை படுத்துவிடும். மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் நம் உதட்டோரக் கொப்புள வைரஸுக்குச் சொந்தக்காரன் என்பதால் குணம் அதேதான்: ஒருமுறை புகுந்தால் உடம்பை விட்டுப் போகாது. நரம்பு முடிச்சில் தூங்கும், அலைச்சல் வந்தால் விழிக்கும். அந்தியூரிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் நின்றபடி வருகிற குதிரைக்கு இதைவிட என்ன அலைச்சல் வேண்டும்?

சரி, ஊசிக்கு வருவோம். செத்த வைரஸில் செய்த தடுப்பூசி ஒரு வகை. ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் உள்நாட்டு வைரஸை வைத்தே சினைக் குதிரைகளுக்கு ஈக்விஹெர்பாபார்ட் என்ற ஊசியை உருவாக்கியிருக்கிறது. வெளிநாட்டில் நியூமபார்ட்-கே இதே வேலைக்குப் பேர்போனது. சினைக்கு 5, 7, 9 ஆம் மாதங்களில் போடுவது வழக்கம். மற்ற குதிரைகளுக்கு முதலில் 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு ஊசி, அப்புறம் 6 மாதத்துக்கு ஒன்று. எதிர்ப்புச் சக்தி சில மாதங்களிலேயே இறங்கிவிடும் என்பதால்தான் இத்தனை தடவை. தவணை தவறினால் போட்டதற்குப் பலன் குறைவு. 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்காவிட்டாலும் அதே கதைதான். நம் ஊர் கரண்டை நம்பி வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

இன்னொன்று, உயிருள்ள, ஆனால் வலுக்குறைத்த வைரஸ் ஊசி. அமெரிக்காவில் ரைனோமூன் இந்த வகை. நிஜத் தொற்றைப் போலவே உடம்பைப் பழக்குவதால் மூக்கு வழியாக வைரஸ் கொட்டுவதைக் குறைப்பதில் இதற்கு நல்ல பெயர். எங்கள் கவலை சினைக் குதிரை என்பதால் இதைப் பற்றி நான் அதிகம் மெனக்கெடவில்லை.

“ஊசி போட்டா வராதுல்லா?” என்று அத்தான் டாக்டரிடம் கேட்டார். இல்லை. கருச்சிதைவையும் சளியையும் குறைக்கும், அறவே நிறுத்தாது. பின்னங்கால் தள்ளாடிப் படுத்துவிடுவதைத் தடுக்கும் என்று எந்த ஊசியும் லேபிளில் உறுதி கொடுப்பதில்லை. 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வாலென்சியா போட்டியில் கிளம்பிய ஒன்றாம் வகை ஐரோப்பாவில் 18 குதிரைகளைக் கொன்றது. பணத்துக்கும் டாக்டருக்கும் பஞ்சமில்லாத குதிரைகள் அவை. கடைசியில் போட்டிகளை நிறுத்தி, குதிரைகளைப் பிரித்துவைத்துத்தான் சமாளித்தார்கள்.

தனிக்கட்டுக்கு மருந்துச் செலவு இல்லை, ஆனால் பொறுமை ஏராளமாக வேண்டும். புதிதாக வந்த குதிரை 21 நாள் தனியாக, தனி வாளி, தனித் தலைக்கயிறு, தனிப் பிரஷ். காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர், 38.5 டிகிரியைத் தாண்டினால் டாக்டருக்குப் போன். மூக்கு ஒழுகும்வரை காத்திருந்தால் தாமதம், காய்ச்சல் அதற்கு முன்பே வந்துவிடும். வைரஸுக்குக் கொழுப்பு உறை இருப்பதால் சோப்புத் தண்ணீரே அதைக் கொல்லும். ஆனால் சாணி ஒட்டிய வாளியில் அப்படியே ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டிப் பிரயோஜனமில்லை, முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். இதன் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது: பல காலம் நம்மிடமே நிற்கிற குதிரைக்குள் தூங்குகிற வைரஸைத் தனிக்கட்டு தடுக்காது. கல்யாண சீசனில் ஓடி ஓடி அது களைத்தால், வெளியிலிருந்து யாரும் வராமலே தொற்று கிளம்பலாம்.

என் கணக்கு இதுதான். சினைக் குதிரை நின்றால் ஊசி கட்டாயம். அதற்கு மட்டும் போட்டுவிட்டு ஒரே கூரையில் நிற்கிற மற்றவற்றை விடுவது, ஒழுகுகிற ஓட்டில் ஒன்றை மட்டும் மாற்றுவது போல. நாலுக்கும் போட வேண்டும். சினையே இல்லாத லாயத்தில் ஊசியும் தனிக்கட்டும் போட்டி போட்டால் நான் தனிக்கட்டின் பக்கம். தொற்று வந்தபிறகு ஓடிப்போய் ஊசி போடுவது, ஏற்கெனவே தொற்றிய குதிரைக்கு உதவாது.

அத்தான் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. போன ஆடியில் வந்த குதிரையைத் தோப்பின் மறு கோடியில், பம்ப்செட் அறைக்குப் பின்னால் கட்டினோம். பத்தாம் நாளே “மக்கா, இது குதிரையா, ஜெயில் கைதியா?” என்று முணுமுணுத்தார். ஆனால் தீனி வைக்கிற பையன் இப்போது செவலையிடம் முதலில் போகிறான், பம்ப்செட் பக்கம் கடைசியில். தெர்மாமீட்டர் தொலையாமலிருக்க அதன் பின்முனையில் நூல் கட்டி, துணிக் கிளிப் மாட்டியது அத்தான்தான்.