ரிமோட் வியூயிங்: ஆள் அனுப்பும் முறையா, எண் முறையா?

தொலைவில் இருப்பதை மனதால் மட்டுமே பார்க்க முயல்வது ரிமோட் வியூயிங். அதன் இந்த இரண்டு முறைகளும் 1970களில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் சோதிக்கப்பட்டவை. முதலாவதில் நண்பர் ஓரிடத்துக்குப் போவார், நீங்கள் மனதில் தோன்றுவதை வரைவீர்கள். இரண்டாவதில் ஓர் எண் மட்டுமே கிடைக்கும் (தொடக்கத்தில் அது ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்); அது குறிக்கும் இடத்தையோ மறைத்து வைத்த படத்தையோ வரைவீர்கள். இந்த எண் முறையைப் படிப்படியாக வகுத்தவர் அமெரிக்க ஓவியர் இங்கோ ஸ்வான்.

செலவு: முதலாவதற்குத் தாளும் பேனாவும் போதும்.
இரண்டாவதற்குக் கட்டண வகுப்புகள் உண்டு.

எளிமை: முதலாவதை இன்றே தொடங்கலாம்.
இரண்டாவதன் கட்டங்களைப் பொறுமையாகப் பழக வேண்டும்.

நம்பகம்: இங்கேதான் கவனம் தேவை. நண்பர் எங்கே போவார் என்று ஊகிப்பது சுலபம்.
எண் முறையில், படத்தைத் தேர்ந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் குறிப்பு கசியாது. ஆனாலும் ரிமோட் வியூயிங்கை உளவுக்குப் பயன்படுத்த முயன்ற அமெரிக்க அரசின் ஸ்டார்கேட் திட்டம் 1995இல் மூடப்பட்டது. உளவுக்கு உதவவில்லை என்றது மதிப்பீடு.

அனுபவத்துக்கு முதலாவது, நேர்மையாகச் சோதிக்க இரண்டாவது. எதற்கும் பணம் கட்டாதீர்கள்.