குடைவதா, மூட்டு மாற்றுவதா, அறுத்து ஒட்டுவதா?

கன்ப்ளாவில், அதாவது கன்டம் என்ற ஜப்பானிய அனிமே ரோபோக்களைப் பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டும் பிளாஸ்டிக் மாடல்களில், போஸுக்காகக் கை வைக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் போவது முழங்காலுக்கும் முழங்கைக்கும்தான். அது இன்னும் கொஞ்சம் மடங்கிவிட்டால் மாடலுக்கு உயிர் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நடு உடம்பு விறைத்து நிற்கிற மாடல், கைகால் எவ்வளவு மடங்கினாலும் கைகால் முளைத்த கம்பம் மாதிரிதான் தெரியும். இடுப்பும் நெஞ்சும் வளைந்தால்தான் வேகம் தெரியும். அதனால் கீழே உள்ள மூன்று வழிகளை ஒப்பிடும்போது நான் கேட்கிற முதல் கேள்வி, இது நடு உடம்புக்கு என்ன செய்கிறது என்பதுதான்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு போஸை எடுத்துக்கொள்வோம். முதல் கன்டம் தொடரின் கடைசி அத்தியாயம் 1980 ஜனவரியில் ஒளிபரப்பானது. தலையும் இடக்கையும் போன ஆர்எக்ஸ்-78-2, அதாவது தொடரின் நாயக ரோபோ, உள்ளே ஆளே இல்லாமல், வலக்கையை நேர்மேலே தூக்கி பீம் ரைஃபிளால் சுடும். ‘லாஸ்ட் ஷூட்டிங்’ என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான். மாடல் தயாரிப்பாளரான பண்டாய் தன் முதல் 1/144 கன்டம் கிட்டை (பூட்டவேண்டிய பாகத் தொகுப்பை) அதே ஆண்டு ஜூலையில் 300 யெனுக்கு வெளியிட்டது. அந்தக் கிட்டில் கால் முன்னும் பின்னும் போகும், பக்கவாட்டில் விரியாது. ஆக, போஸ் முதலில் வந்துவிட்டது. அந்தப் போஸில் நிற்கக்கூடிய கிட் வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. இந்தப் போஸை நான் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. தலையே இல்லாததால் முகத்தைத் திருப்பி உணர்ச்சி காட்ட வழியில்லை. எல்லாவற்றையும் உடம்பின் கோடுதான் சுமக்க வேண்டும்.

அடிப்படைக் கிட்டாக 2001-ல் வந்த எச்ஜியுசி ஆர்எக்ஸ்-78-2 என்று வைத்துக்கொள்வோம். எச்ஜியுசி என்பது பண்டாயின் 1/144 அளவு எச்ஜி (ஹை கிரேடு) கிட்டுகளில் ஒரு வரிசை. 18 மீட்டர் இயந்திரம் 1/144 அளவில் 12.5 சென்டிமீட்டர். ஒவ்வொரு மில்லிமீட்டரும் கண்ணில் படும் அளவு இது.

முதல் வழி, குடைவது. எந்த இடத்தில் பாகம் பாகத்தோடு முட்டுகிறதோ அங்கே கத்தி, அரம், உப்புத்தாள் வைத்துக் கழிப்பது. இதில் மிகவும் பெயர்போன வேலை முன்பக்க இடுப்புக் கவசத்தை வெட்டுவது. எச்ஜி கிட்டுகள் பலவற்றில் இடது வலது கவசத் தகடுகள் இரண்டும் நடுவில் ஒரு சின்னக் குச்சியால் சேர்ந்திருக்கும். இடது காலைத் தூக்கினால் வலது கவசமும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும், மாடல் பாவாடை கட்டியதுபோல் ஆகிவிடும். அந்தக் குச்சியை நட்டநடுவில் நிப்பரால் (பாகங்களை வெட்டும் சிறு இடுக்கியால்) நறுக்கிவிட்டால் போதும். இரு முனையிலும் உள்ள குமிழ்கள் அதனதன் குழியிலேயே இருக்கும், தகடுகள் தனித்தனியாக அசையும். ஒரு நிமிட வேலை. இதற்கு இணையான லாபம் தரும் வேலை இந்தப் பொழுதுபோக்கில் வேறு இல்லை. நடுவில் வெட்டாமல் ஒரு பக்கமாக வெட்டினால் மட்டும் தகடு கழன்று விழும்.

முழங்காலில் தொடையின் பின்புற ஓரத்தையும் கெண்டைக்காலின் மேல் ஓரத்தையும் உள்ளிருந்து கழிக்கலாம். பிளாஸ்டிக்கின் தடிப்பு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் கொஞ்சம் அதிகம் போனால் ஓட்டை விழும். ஆகவே உள்பக்கம் முன்கூட்டியே எபாக்ஸி பட்டி (பிசைந்து வைத்தால் இறுகும் நிரப்புப் பொருள்) அடைத்து இறுகவிட்டு, அப்புறம் கழிப்பது நல்லது. கணுக்காலிலும் இதே கதைதான். பாதம் தரையில் முழுசாகப் படியாவிட்டால் எவ்வளவு நல்ல போஸும் மிதப்பதுபோல் இருக்கும். பந்துமூட்டை (குழிக்குள் உருண்டை எல்லாப் பக்கமும் திரும்பும் மூட்டை) சுற்றியுள்ள விளிம்பை ஒரு சுற்று குடைந்தாலே பாதம் படிந்துவிடும்.

குடைவதன் எல்லையும் இங்கேயே தெரிந்துவிடும். இருக்கிற அசைவைப் பெரிதாக்கலாம், இல்லாத அசைவை உண்டாக்க முடியாது. லாஸ்ட் ஷூட்டிங்கில் தோள் தூக்கியிருக்க வேண்டும், இடுப்பு பின்னோக்கிச் சாய வேண்டும். பழைய கிட்டுகளில் இடுப்பு பெரும்பாலும் இடவலமாகச் சுழல மட்டும்தான். அதை எவ்வளவு குடைந்தாலும் சாயாது.

இரண்டாவது வழி அங்கே கைகொடுக்கும். மூட்டையே எடுத்துவிட்டுப் பந்துமூட்டு வைப்பது. கோட்டோபுக்கியா, வேவ் போன்ற நிறுவனங்கள் பல அளவுகளில் தனியாகவே விற்கின்றன. இடுப்பில் ஒன்று, கழுத்தில் ஒன்று வைத்தால் மாடல் முன்னே குனியும், பின்னே சாயும், பக்கவாட்டில் ஒடியும். அசைவு அப்படியே இருப்பதால் இன்று சுடலாம், நாளை வாள் வீசலாம். எடுத்து விளையாட விரும்புகிறவருக்கு இதுதான் சரி.

ஆனால் வேலை நுட்பமானது. துளை மையத்தைவிட்டு அரை மில்லிமீட்டர் விலகினாலே 12 சென்டிமீட்டர் மாடல் கோணலாகத் தெரியும். பந்தைப் பிடித்துக்கொள்ளும் மென்மையான குழியான பாலிகேப் பாலிஎத்திலீன் என்பதால் மாடல் பசை அதில் ஒட்டாது, பெயிண்டும் நிற்காது. அதை ஒட்ட முயலாமல், சுற்றிலும் பட்டி வைத்து ஒரு கூடு கட்டி உள்ளே சிறைபிடிக்க வேண்டும். காலப்போக்கில் மூட்டு தளரும். கையில் ரைஃபிள் இருந்தால் சீக்கிரமே தளரும். பந்தின் மேல் சூப்பர் குளுவை மெல்லிய படலமாகத் தடவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டினால் இறுக்கம் திரும்பும். அவசரப்பட்டு ஈரத்தோடு மாட்டினால் மூட்டு நிரந்தரமாக ஒட்டிவிடும். இன்னொன்று, பந்துமூட்டு வைத்த இடத்தில் இடைவெளி தெரியும். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவே இருட்டாக ஒரு பிளவு தெரிந்தால் உடம்பின் கோடு அறுந்துபோகிறது. அந்தக் கோட்டுக்காகத்தானே இத்தனை வேலையும்?

மூன்றாவது வழி, அறுத்து, கோணம் மாற்றி, நிரந்தரமாக ஒட்டிவிடுவது. மாடல் அதற்குப் பிறகு அசையாது. கேட்கவே பலருக்கு மனசு வராது. ஆனால் ஒரே போஸில் அலமாரியில் நிற்கப்போகிற மாடலுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

தோளை எடுத்துக்கொள்ளுங்கள். கையை மேலே தூக்கும்போது தோள்கவசம் நெஞ்சின் மேல்விளிம்பில் இடித்து நின்றுவிடும். நிஜத்தில் ஒருவர் கையை உயர்த்தினால் தோள்பட்டையே மேலேறும், அந்தப் பக்கத்து விலா நீளும், எதிர்ப்பக்கம் சுருங்கும். இதை மாடலில் கொண்டுவர, நெஞ்சிலிருந்து வெளியே வரும் தோள் அச்சை மெல்லிய ரம்பத்தால் அறுக்க வேண்டும். இரு முனையிலும் பின் வைஸால் (விரலால் சுழற்றும் கைத்துளைப்பானால்) ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு, அதே அளவு பித்தளைக் கம்பியைச் செருகி, கம்பியை மேல்நோக்கி வளைக்க வேண்டும். இருபது டிகிரி ஏறினாலே கை செங்குத்தாகிவிட்டதுபோல் தெரியும். இடுப்பிலும் இப்படியே: நெஞ்சின் அடிப்பகுதியை ஆப்பு வடிவில் சீவிப் பின்னே சாய்த்து, முன்னே திறக்கும் இடைவெளியைப் பிளாஸ்டிக் தகடும் பட்டியும் வைத்து நிரப்ப வேண்டும். இடுப்புக்கோடு ஒரு பக்கம் சாய்ந்தால் தோள்கோடு எதிர்ப்பக்கம் சாயட்டும். இந்த ஒன்றைச் செய்தால் கால் விரிப்புகூட அவ்வளவு முக்கியமில்லை.

அளவையே மாற்றும் சுதந்திரமும் இந்த வழியில்தான் உண்டு. ஜப்பானிய ரோபோ அனிமேட்டர்கள், குறிப்பாக ஓபரி மசாமி, கேமராவுக்கு அருகே வரும் கையையும் வாளையும் வேண்டுமென்றே பெரிதாக வரைவார்கள். முன்கையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தகடு சேர்த்து நீட்டினால் அந்தச் சாயல் மாடலிலும் வரும்.

விலை என்னவென்றால் பெயிண்ட். பட்டியின் நிறம் பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகாது, ஆகவே அறுத்து ஒட்டினால் பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும். முன் கவசக் குச்சியை நறுக்கினால் வெளியே எதுவும் தெரியாது, பந்துமூட்டு வைத்தால் மூட்டைச் சுற்றி மட்டும் தொட்டுவிட்டால் போதும். நேரமும் பிடிக்கும்: பட்டி இறுகச் சில மணி நேரம், சில வகைகளுக்கு அரை நாள். மாஸ்டர் கிரேடு என்ற பெரிய அளவு கிட்டின் உள்சட்டகத்தில் இதைச் செய்கிறவர்கள் பிளாஸ்டிக் ஏபிஎஸ்ஸா (வழக்கமான பாலிஸ்டைரீனிலிருந்து வேறான வகையா) என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண மாடல் பசை ஏபிஎஸ்ஸைச் சரியாகப் பிடிக்காது, இறுக்கத்தில் இருக்கும் ஏபிஎஸ் பாகத்தில் எனாமல் தின்னர் பட்டால் விரிசல் விடும்.

‘புதுக் கிட்டையே வாங்கிவிடலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதே ரோபோவுக்குப் புது வடிவமைப்பில் 2015-ல் வந்த ரிவைவ் பதிப்பு இடுப்பிலும் தோளிலும் 2001 கிட்டைவிட எவ்வளவோ தாராளம். தொடக்கநிலையாளருக்காக 2020-ல் வந்த என்ட்ரி கிரேடு பதிப்பு பாலிகேப்பே இல்லாமல், நிப்பர்கூடத் தேவைப்படாமல், வரியோடு 770 யெனுக்குக் கிடைத்தது. கத்தியே எடுக்க விரும்பாதவருக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் 2001 கிட்டின் கனத்த உடல்வாகு பிடித்தவருக்கு ரிவைவின் மெலிந்த உடம்பு பதிலாகாது. அசைவு எவ்வளவு இருந்தாலும் நெஞ்சு ஒரே பெட்டியாக இருக்கிறவரை விலா நீளாது, சுருங்காது.

நான் இந்தப் போஸுக்குக் கலந்துதான் செய்வேன். கவசத்துக்கும் கணுக்காலுக்கும் குடைவது, தோளுக்கும் இடுப்புக்கும் அறுத்து ஒட்டுவது. பந்துமூட்டு இதில் வேண்டாம். அறுப்பதற்கு முன் பாகங்களை ஒட்டும் களிமண்ணால் தற்காலிகமாக நிறுத்தி, தரைமட்டத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். கையில் வைத்து மேலிருந்து பார்க்கும்போது தெரியாத விறைப்பு அதில் தெரியும். கம்பி செருகிய இடங்களில் பெயிண்ட் முடியும்வரை பசை போட வேண்டாம். பாகங்களைத் தனித்தனியே உருவிப் பெயிண்ட் அடித்து, கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம். பாதங்களின் அடியிலிருந்தும் ஒரு கம்பியை நீட்டிப் பலகையில் இறக்கிவிடுங்கள், ஏனென்றால் பின்னே சாய்த்த மாடல் தன் காலில் தானாக நிற்காது.