தேவசித்தம் அறிய எந்த வாசிப்பு உதவும்? நான்கு வழிகள், ஓர் ஒப்பீட்டு அலசல்

எருசலேம் பாபிலோனியரால் இடிக்கப்பட்ட பின்பு, தேசத்தில் மீந்திருந்த ஜனங்கள் தீர்க்கதரிசியாகிய எரேமியாவிடம் வந்து, தாங்கள் நடக்கவேண்டிய வழியைக் கர்த்தர் தெரிவிக்கும்படி ஜெபிக்கச் சொன்னதை எரேமியா 42ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பதில் நன்மையாக இருந்தாலும் தீமையாக இருந்தாலும் கீழ்ப்படிவோம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்தார்கள். பத்து நாள் சென்றபின் பதில் வந்தது: இந்தத் தேசத்திலேயே தரித்திருங்கள், எகிப்துக்குப் போகாதேயுங்கள். அதைக் கேட்டவர்கள் எரேமியாவைப் பொய் சொல்லுகிறவன் என்று சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கே போனார்கள். முந்தின அதிகாரத்தைக் கவனித்து வாசித்தால் காரணம் விளங்கும். எகிப்துக்குப் போகவேண்டும் என்ற எண்ணத்தோடு அவர்கள் ஏற்கெனவே பெத்லகேமுக்குச் சமீபத்தில் வந்து தங்கியிருந்தார்கள். வழி கேட்பதற்கு முன்னமே வழி முடிவாகியிருந்தது.

வேதாகமத்தின் மூலம் தேவனுடைய நடத்துதலைத் தேடுகிற எந்த முறையையும் இந்தச் சம்பவத்தைக் கொண்டு சோதிப்பது நல்லது என்று கருதுகிறேன். நாம் கேட்க விரும்பாததைச் சொல்ல அந்த முறை வேதத்துக்கு இடங்கொடுக்கிறதா என்பதே முதல் கேள்வி. விசுவாசிகளிடையே பரவலாகக் கைக்கொள்ளப்படும் வழிகள் நான்கு: ஏதேச்சையாகக் கிடைக்கும் ஒரு வசனத்தைத் தனக்கான வார்த்தையாக எடுத்துக்கொள்வது, வேதாகமத்தை வரிசையாக முழுவதும் வாசிப்பது, ஒரு சிறு பகுதியை நிதானமாகத் தியானிப்பது, சபையாரோடு சேர்ந்து வேத வெளிச்சத்தில் ஆலோசிப்பது. இவை ஒன்றையொன்று முற்றிலும் விலக்குகிறவை அல்ல; ஆனாலும் முடிவெடுக்கவேண்டிய நேரத்தில் நாம் முதலாவது எதை நாடுகிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு.

ஏதேச்சையான வசனத்தை நாடுகிறவர்கள் சுட்டிக்காட்டும் சாட்சிகள் இலேசாகத் தள்ளிவிடத்தக்கவை அல்ல. 386ஆம் ஆண்டு மிலான் நகரத்துத் தோட்டமொன்றில், பிற்காலத்தில் ஆயரான அகுஸ்தீன் பவுலின் நிருபங்களைத் திறந்தபோது ரோமர் 13:13, 14 கண்ணில் பட்டது. அந்த நேரத்திலேயே அவருடைய வாழ்க்கை திரும்பியது. 1738 மே 24ஆம் தேதி அதிகாலையில், மெதடிஸ்து இயக்கத்தின் முன்னோடியான ஜான் வெஸ்லி புதிய ஏற்பாட்டைத் திறந்தபோது, மகா மேன்மையான வாக்குத்தத்தங்களைப் பற்றிப் பேசும் 2 பேதுரு 1:4 கிடைத்தது. அன்று மாலை லண்டனில் நடந்த கூடுகையில் அவருடைய இருதயம் விசுவாசத்தின் நிச்சயத்தைப் பெற்றது. இவ்விதமான சாட்சிகள் இன்னும் பல உண்டு. தேவன் இந்த வழியில் பேசமாட்டார் என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

ஆனால் இந்தச் சாட்சிகளைக் கூர்ந்து பார்க்கவேண்டும். களியாட்டையும் வேசித்தனத்தையும் விட்டு கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளும்படி அகுஸ்தீனுக்குக் கிடைத்த வசனம் சொன்னது. செய்யவேண்டியது அதுவே என்பது அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது. பவுலின் எழுத்துக்களை அவர் அதற்கு முன்பும் ஆழ்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். தெரிந்திருந்த கட்டளைக்குக் கீழ்ப்படிய அந்த வசனம் அவரை அழைத்ததேயன்றி, எந்த ஊரில் குடியேறுவது, எந்த வேலையை ஏற்பது என்று சொல்லவில்லை. அதே அகுஸ்தீன் பிற்காலத்தில் எழுதிய ஒரு கடிதத்தில், சுவிசேஷப் பக்கங்களைத் திறந்து குறி பார்க்கிறவர்களைக் குறித்துத் தம் அதிருப்தியைத் தெரிவித்திருக்கிறார். பிசாசுகளிடம் குறி கேட்பதைக் காட்டிலும் இது மேல் என்றாலும், தேவ வார்த்தையை உலகக் காரியங்களுக்காக இப்படிப் பயன்படுத்துவது தமக்குச் சம்மதமில்லை என்பதே அவர் கருத்து. 506ஆம் ஆண்டு இன்றைய பிரான்சிலுள்ள ஆக்தே நகரத்தில் கூடிய ஆலோசனைச் சங்கமும் வேத வாக்கியங்களைக் கொண்டு குறி பார்ப்பதைத் தடைசெய்தது. தடை விதிக்கும் அளவுக்கு அந்த வழக்கம் அன்று பரவியிருந்தது.

இந்த வழியின் பலவீனம், பக்கம் தற்செயலாகத் திறக்கிறது என்பதில் இல்லை. வசனம் தன் இடத்திலிருந்து பிடுங்கப்படும்போது அதன் அர்த்தம் நம் விருப்பத்தின் கைக்குப் போய்விடுகிறது என்பதே உண்மையான ஆபத்து. எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பரீட்சை எழுதுகிறவரும் வேலை தேடுகிறவரும் இந்த வசனத்தை விரைவில் கிடைக்கப்போகும் நன்மையின் அடையாளமாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் முந்தின அதிகாரத்தில், சிறையிருப்பு இரண்டு வருஷத்தில் முடிந்துவிடும் என்று அனனியா கள்ளத் தீர்க்கதரிசனம் சொல்லியிருந்தான். அதன்பின் பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா அனுப்பின கடிதம், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், எழுபது வருஷம் ஆகும் என்று சொல்லுகிறது. அந்தக் கடிதத்துக்குள்தான் இந்த வாக்குத்தத்தம் வருகிறது. சீக்கிர விடுதலையை நம்பியிருந்தவர்களுக்கு அது எதிர்மறுப்பு; அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்புவதைக் காண உயிரோடு இருந்திருக்க முடியாது. தனித்து எடுத்த வசனம் ஒன்றைச் சொல்லுகிறது, கடிதத்தோடு சேர்ந்த வசனம் இன்னொன்றைச் சொல்லுகிறது. இரண்டாவது சொல்வதே ஆழமான ஆறுதல். தாமதத்திலும் தேவன் தம் ஜனத்தை மறப்பதில்லை என்பதை அது கற்பிக்கிறது.

வசனங்களுக்கு எண் இட்டிருப்பதே தனித்தனியாக எடுக்கும் பழக்கத்துக்குத் துணைநிற்கிறது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் வசனப் பிரிவுகளை ராபர்ட் எத்தியேன் என்ற அச்சகத்தார் 1551ஆம் ஆண்டில்தான் வெளியிட்டார். பவுல் எழுதினது நிருபம். அதை முதலாவது பெற்ற சபையார் அதை நிருபமாகவே வாசிக்கக் கேட்டார்கள். வாக்குத்தத்த வசனங்கள் மட்டும் அச்சிட்ட அட்டைகளிலிருந்து ஒன்றை எடுப்பதில் இன்னொரு குறையும் உண்டு. அங்கே கண்டிப்பு எதுவும் வைக்கப்படுவதில்லை. நான் முதலில் வைத்த சோதனையில் இந்த முறை தேறாதது இந்த இடத்தில்தான். மொரேவியர் எனப்படும் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் சகோதரர்கள் 1731 முதல் ஆண்டுதோறும் அச்சிட்டு வரும் தினவசன நூலில்கூட, சீட்டினால் எடுக்கப்பட்ட பழைய ஏற்பாட்டு வசனத்தோடு அதற்கு இசைவான புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றும் தெரிந்தெடுத்து வைக்கப்படுகிறது. ஒற்றை வசனத்தைத் தனியே விடக்கூடாது என்ற ஞானம் அதில் தெரிகிறது.

வரிசையான வாசிப்புக்கு வருவோம். 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரங்கள் வாசித்தால் ஓர் ஆண்டில் முடியும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மரே மக்செயின் 1842ஆம் ஆண்டின் முடிவில் தம் சபைக்கு வகுத்துக் கொடுத்த அட்டவணைப்படி, ஓர் ஆண்டில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறையும் வாசிக்கப்படும். இன்றும் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். இதில் வசனத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அட்டவணைப்படி வருவது ஆமோஸின் கண்டனமானாலும் யோபுவின் முறையீடானாலும் வாசித்தே ஆகவேண்டும். நம் விருப்பத்தைக் குறுக்கிடும் வார்த்தைக்கு இங்கே தினமும் கதவு திறந்திருக்கிறது.

இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டதைப் பாருங்கள். சாத்தான் சங்கீதம் 91லிருந்து வசனத்தை எடுத்துக்காட்டித் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான். வசனம் உண்மையானது, அதைப் பயன்படுத்தின விதமே பொய்யானது. இயேசு மறுபடியும் எழுதியிருக்கிறதே என்று வேறொரு வசனத்தால் பதிலளித்தார். அவர் கொடுத்த மூன்று பதில்களும் உபாகமத்தின் 6, 8 ஆகிய அதிகாரங்களிலிருந்து வந்தவை. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் பட்ட சோதனைகளை நினைப்பூட்டும் பகுதி அது. வனாந்தரத்தில் நிற்கிறவர், வனாந்தரத்தைப் பற்றிய வேதபாகத்தில் முழுவதும் ஊறியிருந்தார். எந்த வசனம் எந்தச் சமயத்துக்குரியது என்ற பகுத்தறிவு, முழுமையையும் அறிந்தவருக்கே வரும்.

இந்த முறையின் குறை வெளிப்படையானது. நாளை காலையில் பதில் சொல்லவேண்டிய கேள்விக்கு இன்றைய எண்ணாகமப் பகுதி நேரடியாக எதையும் சொல்லாமல் போகலாம். அட்டவணையை முடிக்கும் அவசரத்தில் கண்கள் மட்டும் ஓடுவதும் உண்டு. ஆனாலும் இது ஒரு நாளில் பலன் தரும் முறையல்ல என்பதை ஏற்றுக்கொண்டால், இதன் பெலன் விளங்கும். ஆதியாகமத்தில் தேவன் யோசேப்போடு நேரடியாகப் பேசினதாக ஒரு வசனமும் இல்லை. சொப்பனங்கள் மட்டுமே உண்டு. போத்திபாரின் வீட்டில் எஜமானின் மனைவி அவனைப் பாவத்துக்கு அழைத்தபோது அவன் எந்த அடையாளத்தையும் கேட்கவில்லை. தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி என்று கேட்டு ஓடினான். தேவனுடைய சித்தம் இன்னதென்று பகுத்தறிவதை, மனம் புதிதாகிறதோடு பவுல் ரோமர் 12:2இல் இணைத்துச் சொல்லுகிறார். முழு வேதத்தையும் மீண்டும் மீண்டும் வாசிப்பது அந்த மனதை உருவாக்குகிற வேலை.

தியான வாசிப்பு இந்த அவசரத்துக்கு மருந்து. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி, வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், தேவனுடைய சமுகத்தில் அமர்ந்திருத்தல் என்று நான்கு படிகளாக இதை விளக்கினார். சங்கீதங்களுக்கும் சுவிசேஷக் காட்சிகளுக்கும் இது மிகவும் பொருந்தும். துக்கத்தில் இருக்கிறவருக்கு நாளொன்றுக்கு நான்கு அதிகாரம் பாரமாக இருக்கும்போது, சங்கீதம் 42இன் சில வரிகள் போதுமானவை. ஆனால் தியானத்தில் எழும் உணர்வையே வசனத்தின் அர்த்தமாக எண்ணிக்கொள்ளும் ஆபத்து இங்கேயும் உண்டு. ஆகையால் வரிசை வாசிப்பில் கண்ட பகுதிகளுக்குள்ளேயே தியானத்துக்கானதைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது.

நான்காவது வழியைத்தான் தனியாக வேதம் வாசிக்கிறவர்கள் அதிகம் மறந்துபோகிறோம். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ள அப்போஸ்தலர் சீட்டுப்போட்டார்கள். பெந்தெகொஸ்தே நாளுக்குப் பின்பு புதிய ஏற்பாட்டுச் சபை சீட்டுப்போட்டு முடிவெடுத்ததாக வாசிக்கிறதில்லை. விசுவாசிகளான புறஜாதியார் விருத்தசேதனம் பண்ணப்படவேண்டுமா என்ற பெரிய கேள்வி எழுந்தபோது எருசலேமில் கூடினார்கள். மிகுந்த தர்க்கம் உண்டாயிற்று. பேதுரு தாம் கண்டதைச் சொன்னார். பர்னபாவும் பவுலும் தேவன் செய்தவைகளை விவரித்தார்கள். யாக்கோபு ஆமோஸின் வார்த்தைகளை எடுத்துக்காட்டினார். முடிவில், "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள். அனுபவமும் வேத வசனமும் கூடிய ஆலோசனையும் அங்கே ஒன்றையொன்று சரிபார்த்தன. நம்முடைய பலவீனத்தை அறிந்த ஒரு சகோதரியோ முதிர்ந்த விசுவாசியோ, நாம் வாசிக்காமல் தாண்டிப்போன வசனத்தைச் சுட்டிக்காட்ட முடியும். அட்டை அதைச் செய்யாது.

இங்கேயும் எச்சரிக்கை தேவை. யுத்தத்துக்குப் போகலாமா என்று கேட்ட இஸ்ரவேலின் ராஜாவாகிய ஆகாபுக்கு நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே குரலாய் ஜெயத்தைச் சொன்னார்கள். மிகாயா ஒருவன்தான் உண்மையைச் சொன்னான், ஆகாப் அவனை வெறுத்தான். தனக்குச் சாதகமாகப் பேசுகிறவர்களை மட்டும் ஆலோசகராகத் தெரிந்துகொள்வது, வேறு விதத்தில் வசனத்தைப் பொறுக்கியெடுப்பதே ஆகும். ஆலோசனை சொல்லுகிறவர் எவ்வளவு பெரியவரானாலும், பெரோயா பட்டணத்தார் பவுலின் வார்த்தைகளையே தினந்தோறும் வேதவாக்கியங்களால் ஆராய்ந்துபார்த்ததுபோல ஆராய நமக்கு உரிமையும் கடமையும் உண்டு.

மயிருள்ள தோலில் மட்டும் பனி பெய்யும்படி கிதியோன் கேட்டதை முன்மாதிரியாகச் சொல்லி அடையாளம் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: செய்யவேண்டியதைத் தேவன் அவனுக்கு முன்னமே தெளிவாகச் சொல்லியிருந்தார். அவன் அடையாளம் கேட்டது பயத்தினால். தேவன் அவன் பயத்தைப் பொறுத்துக்கொண்டார், அவ்வளவே.

எந்தச் சூழலுக்கு எது ஏற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். பரிசுத்தமுள்ளவர்களாக வேண்டும், எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யவேண்டும் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதின முதலாம் நிருபத்தில் தேவசித்தம் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. லஞ்சம் வாங்கலாமா, பொய்க்கணக்கு எழுதலாமா என்பதற்கு ஜெபித்து வசனம் தேடவேண்டியதில்லை. இரண்டு நல்ல வழிகளில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் கேள்வி வேறு வகையானது. புருஷனை இழந்த ஸ்திரீ கர்த்தருக்குட்பட்ட எவனையாகிலும் மணந்துகொள்ள விடுதலையாயிருக்கிறாள் என்று 1 கொரிந்தியர் 7:39 சொல்லுகிறது. எல்லை ஒன்று, அதற்குள் சுதந்தரம். அப்படிப்பட்ட தெரிவில் ஒரு வசனம் நமக்குப் பெயர் சொல்லிக் காட்டவேண்டும் என்று காத்திருப்பது, தேவன் கொடுத்த சுதந்தரத்தைப் பெற்றுக்கொள்ளத் தயங்குவதாகும்.

ஆகவே என் தீர்ப்பு இது: வரிசையான வாசிப்பு அஸ்திபாரமாகவும், தியானம் அதன் ஆழமாகவும், சபையின் ஆலோசனை அதற்குக் காவலாகவும் இருக்கட்டும். ஏதேச்சையாகக் கிடைக்கும் வசனத்தை ஆறுதலாகவும் ஜெபிக்கத் தூண்டும் நினைப்பூட்டலாகவும் நன்றியோடு ஏற்கலாம். அதைத் தனியே நிறுத்தி, வேலையையோ திருமணத்தையோ அதன்மேல் கட்டக்கூடாது. ஒரு வாரத்துக்குள் முடிவு சொல்லவேண்டியவர், அந்த வாரத்தின் வழக்கமான வாசிப்பை விட்டுவிடாமல் தொடரட்டும். யாக்கோபு 1:5இன்படி ஞானத்தைக் கேட்கட்டும். தம்மோடு உடன்படாதவராக இருக்கக்கூடிய முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம் காரியத்தை மறைக்காமல் சொல்லட்டும். மனதைத் தொட்ட வசனம் ஏதாவது இருந்தால், அது இருக்கும் அதிகாரத்தையும் முந்தின அதிகாரத்தையும் முழுவதும் வாசித்த பிறகும் அது அதையே சொல்லுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவைச் சொல்லட்டும்.