திருகோணமலை வீட்டுக்கு நாயா, பூனையா?

உப்புவெளிப் பக்கம் புதிதாகக் குடிவருபவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. இரண்டும் ஊனுண்ணி வரிசைதான். இறைச்சியைக் கத்தரிக்கும் கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கும் உண்டு.

சாப்பாடு
நாய்: 42 பற்கள். மனிதரோடு வாழ்ந்து மாச்சத்தைச் செரிக்கப் பழகியது. சோற்றில் மீன் பிசைந்து வைக்கலாம்.
பூனை: 30 பற்கள்தான். டாரின் என்ற சத்தை அதன் உடல் போதிய அளவு உண்டாக்காது. மீனோ இறைச்சியோ கட்டாயம். வெறும் பால்சோற்றில் பூனை வளர்ப்பது கொடுமை.

வேட்டை
நாய்: ஓநாய் வழி வந்தது, கூட்டமாகத் துரத்தும்.
பூனை: ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வழி, நகத்தை உள்ளிழுத்துத் தனியே பதுங்கும்.

விசர்நோய்த் தடுப்பூசி இரண்டுக்கும் வேண்டும்.

பெரிய வளவுக்குக் காவலென்றால் நாய். கடையில் எலித்தொல்லையா, சரி, பூனை. பகல் முழுக்க வீடு பூட்டியிருந்தால் நாய் வேண்டாம், தனிமையில் வாடிப்போகும்.