நீண்ட ஆங்கிலச் சொல்லை எங்கே வெட்டுவது?

களுவாஞ்சிகுடியில் ஓஎல் பரீட்சைக்குப் படிக்கிற அக்காவின் மகளுக்கு 'ரெஸ்பொன்சிபிலிட்டி' என்ற சொல் வாயில் பிடிபடவில்லை. பாடசாலை ரீச்சர் கைதட்டி அசை பிரிக்கச் சொல்கிறார். ரியூசன் சேரோ முன்னொட்டு, பின்னொட்டு என்று பிரிக்கிறார். "மாமா, நான் எதைப் பிடிக்கிறது?" என்று கேட்டாள். அவளோடு உட்கார்ந்து இரண்டையும் செய்து பார்த்தேன்.

அசை வழியில் அந்தச் சொல் ஆறு தட்டு: ரெ-ஸ்பொன்-சி-பில்-இ-டி. எழுதும்போது எழுத்து விடுபடாது, அது நல்ல உதவிதான். ஆனால் அசைக்குப் பொருளைப் பற்றிக் கவலையில்லை. ஹெ-லி-கொப்-டர் என்று தட்டுகிறோமே, அந்தச் சொல் பிறந்தது 'சுருள்' என்ற பொருளுள்ள ஹெலிக்ஸ், 'சிறகு' என்ற பொருளுள்ள ப்டெரோன் என்ற இரு கிரேக்கச் சொற்களிலிருந்து. பொருள் பிரிகிற இடம் 'கொப்' என்ற அசைக்குள்ளேயே, 'ப்'புக்கு முன்னால். வெண்பாவை அலகிடும்போது, சீருக்காகப் பொருள் பாராமல் சொல்லை வெட்டுகிற வகையுளி போலத்தான்.

உறுப்பு வழி நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. பகுபத உறுப்பிலக்கணத்தில் பகுதி, விகுதி பிரித்தவளுக்கு 'அன்பிலீவபிள்' மூன்று துண்டு: அன், பிலீவ், ஏபிள். தமிழில் ஒட்டு பெரும்பாலும் பின்னால்தான் வரும், ஆங்கிலத்தில் முன்னாலும் வரும். அதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

உண்மையான சிக்கல் அழுத்தம், அதாவது சொல்லில் எந்த அசையை ஓங்கிச் சொல்வது என்பது. தமிழில் அழுத்தம் மாறினாலும் சொல் மாறாது. அதனால் ஆங்கிலத்தையும் ஒரே சீராகச் சொல்லிவிடுகிறோம். 'ஃபோட்டோகிராஃப்'பில் அழுத்தம் முதல் அசையில், 'ஃபொட்டோகிரஃபி'யில் இரண்டாவதில், 'ஃபோட்டோகிராஃபிக்'கில் மூன்றாவதில். கைதட்டல் இதைக் காட்டாது. எல்லாத் தட்டும் ஒரே சத்தம்தானே.

பின்னொட்டு காட்டும். 'ஷன்', 'இக்', 'இட்டி' என்று முடிந்தால் அழுத்தம் பெரும்பாலும் அதற்கு முந்தின அசையில் விழும். 'ரெஸ்பொன்சிபிள்'ளில் இரண்டாவது அசையில் இருந்த அழுத்தம் 'ரெஸ்பொன்சிபிலிட்டி'யில் நாலாவதான 'பில்'லுக்குப் போகிறது. விலக்கும் உண்டு: 'அரபிக்' என்ற சொல்லில் அழுத்தம் முதலிலேயே நிற்கும். 'நெஸ்', 'ஃபுல்' போன்றவை அழுத்தத்தை அசைப்பதே இல்லை.

அதனால் என் தெரிவு ரியூசன் சேரின் வழி. பொருளும் அழுத்தமும் ஒன்றாகக் கிடைக்கின்றன. கைதட்டலை எழுத்துக்கூட்டலுக்கு வைத்துக்கொள்ளலாம். மருமகள் இப்போது 'இட்டி'யைக் கண்டதும் அதற்கு முந்தின அசையின் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் வாசிக்கிறாள்.