ஓஜேஎஸ் 3.3இல் கட்டுரை வகைப்பாடு: பயன்படுத்தியவரின் மதிப்பீடு

ஆய்விதழ்களை இணையத்தில் வெளியிட உதவும் கட்டற்ற மென்பொருளான ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் (ஓஜேஎஸ்) பற்றி இதழாசிரியர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. ஜான் வில்லின்ஸ்கி 1998இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட்தான் இதனை உருவாக்கியது. கட்டணம் எதுவும் இல்லை. முழு மென்பொருளையும் இங்கே மதிப்பிடப் போவதில்லை. தமிழியல் அரையாண்டிதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் இருந்துகொண்டு, 3.3 பதிப்பில் உள்ள ‘வகைகள்’ என்ற ஒரு வசதியை மட்டும் பயன்படுத்திப் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஓஜேஎஸ்ஸில் ‘பகுதி’ வேறு, ‘வகை’ வேறு. ஆய்வுக் கட்டுரை, நூல் மதிப்புரை, ஆசிரியவுரை என்பன பகுதிகள். ஒரு கட்டுரை ஒரே ஒரு பகுதியில்தான் இருக்க முடியும். மதிப்பாய்வுக்கு அனுப்ப வேண்டுமா, ஆய்வுச் சுருக்கம் கட்டாயமா, அது எத்தனை சொற்களுக்குள் அமைய வேண்டும் என்பவற்றையெல்லாம் பகுதியே தீர்மானிக்கிறது. வகை என்பது பொருளைப் பற்றியது. பக்தி இலக்கியத்தையும் நாட்டார் வழக்காற்றையும் ஒருசேரப் பேசும் கட்டுரையை இரண்டு வகைகளிலும் வைக்கலாம். பணியோட்டத்தில் எந்த மாற்றமும் நேராது. நாங்கள் தொடக்கத்தில் ‘நூல் மதிப்புரை’ என்றே ஒரு வகையை உருவாக்கிவிட்டு, அதே பெயரில் பகுதியும் இருக்கிறதே என்று பின்னர் விழித்தோம். பிழை எங்களுடையதே. மதிப்புரைகளை மட்டும் ஒரே பக்கத்தில் காட்டுவதுதான் நோக்கமென்றால், பகுதிவாரியாக உலவுவதற்கென்று இருக்கும் செருகுநிரலே போதும், வகை தேவையில்லை.

வகையை உருவாக்குவது எளிது. அமைப்புகளில் இதழ் என்பதற்குள் சென்றால் பெயர், தாய்வகை, இணைப்புப் பாதை, விளக்கம், கட்டுரைகளை அடுக்கும் வரிசை, முகப்புப் படம் ஆகியவற்றைக் கேட்கும் ஒரு படிவம் வரும். பெயரையும் விளக்கத்தையும் தமிழில் எழுதலாம். பாதையை மட்டும் ரோமன் எழுத்திலும் எண்ணிலும்தான் எழுத முடியும். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் தொல்காப்பியத்தை ரோமன் எழுத்தில் எழுதும்போது முதலெழுத்துக்குப் பின் ‘எச்’ வருமா வராதா என்று மூன்று தமிழாசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் குழுவில் அந்த விவாதம் ஒரு பிற்பகல் முழுவதும் நடந்தது. பாதையைப் பின்னர் மாற்றினால், பழைய முகவரிக்கு இணைப்புக் கொடுத்திருந்தவர்கள் வெறும் பக்கத்தில் போய் நிற்பார்கள் என்பதால், அந்தப் பிற்பகல் வீணென்று சொல்ல மாட்டேன்.

படிநிலை இரண்டோடு நின்றுவிடுகிறது. ஒரு வகைக்குக் கீழ் உள்வகை அமைக்கலாம். உள்வகைக்குக் கீழ் இன்னொன்றை அமைக்க இயலாது. அறிவியல் இதழ்களுக்கு இது போதுமானதாக இருக்கக்கூடும். இலக்கணம், அதன்கீழ்த் தொல்காப்பியம், அதன்கீழ் எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரங்களையும் பிரித்துக் காட்ட நினைக்கும் தமிழிதழுக்கு அது போதாது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, தாய்வகையின் பக்கத்தில் உள்வகைகளின் பெயர்கள் வருமே தவிர அவற்றிலுள்ள கட்டுரைகள் தாமாக வந்து சேர்வதில்லை என்பது. தொல்காப்பியக் கட்டுரை இலக்கணப் பக்கத்திலும் தெரிய வேண்டுமென்றால் இரண்டு பெட்டிகளிலும் குறியிட்டாக வேண்டும். இது தெரியாமல் உள்வகையில் மட்டும் குறியிட்டுவிட்டு, தாய்வகையின் பக்கம் ஏன் காலியாக இருக்கிறது என்று நாங்கள் சில நாட்கள் தேடினோம்.

கட்டுரையை வகையில் சேர்ப்பது அதன் வெளியீட்டுத் தாவலில், இதழைத் தேர்ந்தெடுக்கும் அதே படிவத்தில் நடைபெறுகிறது. புதிதாக வரும் கட்டுரைக்கு இது அரை நிமிட வேலை. வெளியாகிவிட்ட கட்டுரையென்றால் கதையே வேறு. வெளியான பதிப்பின் விவரங்களை ஓஜேஎஸ் பூட்டிவிடுகிறது. ஆய்வுப் பதிவேட்டின் நம்பகத்தன்மைக்கு அந்தப் பூட்டு அவசியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகை என்பது கட்டுரையின் உள்ளடக்கமன்று. நூலகர் அலமாரியில் ஒட்டும் சீட்டைப் போன்றது. அதை மாற்றவும் வெளியீட்டை நீக்கி, குறியிட்டு, சேமித்து, மீண்டும் வெளியிட வேண்டியிருக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் டிஓஐ எனப்படும் நிலையான அடையாள எண்ணின் இணைப்பு வழியே வருபவருக்குக் கட்டுரை கிடைக்காது. நூறு கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கில் ஒரு வகையில் சேர்க்கும் மொத்த வசதியும் நிர்வாகத் திரையில் இல்லை. பத்தாண்டுப் பழைய இதழ்களை ஏற்றி வைத்திருப்பவர்கள் இந்த ஓரிடத்தில்தான் மனம் தளர்வார்கள்.

தரவுத்தளத்தைக் கையாளத் தெரிந்தவருக்குக் குறுக்குவழி உண்டு. வெளியீட்டு எண்ணையும் வகை எண்ணையும் இணைக்கும் அட்டவணை ஒன்று இருக்கிறது; அதில் நேரடியாக வரிகளைச் சேர்த்துவிடலாம். எனினும் அங்கே கேட்கப்படுவது சமர்ப்பிப்பின் எண் அன்று, வெளியீட்டின் எண். ஒரே கட்டுரைக்குத் திருத்திய பதிப்புகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. நகலெடுத்து வைக்காமல் இந்த வழியில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாசகர் பக்கத்தில் விளைவு நன்றாகவே இருக்கிறது. உலாவல் தொகுதியை இயக்கிப் பக்கப்பட்டியில் சேர்த்துவிட்டால் வகைகள் வரிசையாகத் தெரிகின்றன. இயல்பான வார்ப்புருவில் ஒவ்வொரு கட்டுரையின் பக்கத்திலும் இதழ், பகுதி ஆகியவற்றோடு வகையும் இணைப்பாக வருகிறது. எந்த ஆண்டு, எந்த இதழ் என்று தெரியாத முதுகலை மாணவர், கல்வெட்டியல் என்பதைத் தொட்டவுடன் எல்லா ஆண்டுகளின் கட்டுரைகளையும் ஒரே பட்டியலில் காண்கிறார். வசதியின் முழுப் பயனும் இதுதான், இது சிறிய பயனன்று. ஆயினும் தேடலில் ஆசிரியர், நாள் ஆகியவற்றைக் கொண்டு வடிகட்டலாமே தவிர வகையைக் கொண்டு வடிகட்ட முடியாது. தளங்களுக்கிடையே கட்டுரை விவரங்களைப் பகிரும் ஓஏஐ நெறிமுறை வழியாக அவற்றை அறுவடை செய்யும் தொகுப்பகங்களுக்கும் பகுதிகள்தான் தொகுதிகளாகச் செல்கின்றன. ஆகவே வகைப்பாடு உங்கள் தளத்துக்குள் மட்டுமே பேசும். வெளியே கட்டுரையைக் கண்டடையச் செய்வது திறவுச்சொற்களின் வேலை.

3.4 பதிப்பில், சமர்ப்பிக்கும் கட்டுரையாளரே வகையைத் தேர்ந்தெடுக்கலாமா என்பதை இதழ் முடிவுசெய்யும் அமைப்பு இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தாலும் அதை இயக்க வேண்டாம் என்றே எங்கள் குழு எண்ணுகிறது. தம் கட்டுரை எல்லா வகைகளிலும் தெரிய வேண்டும் என்று விரும்பாத கட்டுரையாளர் அரிது. புதிதாக இதழ் தொடங்குபவர்கள் முதல் இதழ் வெளியாவதற்கு முன்பே வகைகளின் பட்டியலைத் தாளில் எழுதி முடித்துவிட்டால், மேலே சொன்ன பூட்டுத் தொல்லை பெரும்பாலும் வராது. நாங்கள் இருபத்தாறில் தொடங்கி ஒன்பதில் நின்றிருக்கிறோம். பழைய இதழ்களுக்கு இரவில், வாசகர் வருகை குறைந்த நேரத்தில், நாளொன்றுக்குப் பத்துக் கட்டுரைகள் வீதம் குறியிட்டு வருகிறோம்.